பதினேழு ரூபாய் ஐம்பது சதம்

லம்பேட் பார்த்தலோட் எனக்குத் தரவேண்டிய காசு அது.
ஐம்பத்தெட்டில், பாலையூற்றில், அந்திராதோ வீட்டுக் கலியாணத்தில்
என் கொம்பு ஸ்பீக்கர் ஒன்றின் தொண்டையைக் கிழித்தான்.
முதல்நாள் இரவுதான் அது
காளி கோயில் வாசலில் தேவாரம் பாடிவிட்டு வந்திருந்தது.

கித்தார் என்று அவன் தூக்கிவந்தது
உடைந்த வள்ளத்தின் பலகை.
எரிந்துபோன மோட்டரிலிருந்து கம்பி,
தொலைபேசிக் காதிலிருந்து காந்தம்,
மிச்சத்தை நான் கேட்கவில்லை.
வெள்ளைக்காரக் கடற்படை போகிற அவசரத்தில்
எதைத்தான் எண்ணிப் பார்த்தது?

கன்ரீனில் விசிறி திருத்தப் போன பெடியன்
மேசைமேல் நின்றபடியே
மாலுமிகளின் இசைத்தட்டைக் கேட்டானாம்.
ஒரு விசிறிக்கு மூன்று நாள் எடுத்தானாம்.
இறங்கும்போது தன் கால் வேறொருவனுடைய கால் ஆகியிருந்தது
என்பான். பொய்யன்.
ஆனால் ஆடும்போது பார்த்தால்
யாருடைய கால் என்றே தெரியாது.

அந்தக் கலியாணத்தில், மூன்றாவது பாட்டின் நடுவில்,
அவனுடைய அம்ப்ளிபயருக்குள்ளிருந்து
துறைமுகத்துக் குரல் ஒன்று இங்கிலீசில் கதைத்தது:
எண்ணெய்க் கப்பல், உள்ளே வரலாமா, ஆழம் எவ்வளவு?
சனம் உறைந்தது.
லம்பேட் கண்ணை மூடி
அந்தக் குரலுக்கே அடி பிடித்தான்.
மாப்பிள்ளை ஆடினான். மாமியார் ஆடினாள்.
கப்பல் உள்ளே வந்திருக்க வேண்டும்.
என் ஸ்பீக்கர் அப்போதுதான் கிழிந்தது.

கொழும்பு வானொலிக்கும் போனான்,
பாயில் சுற்றிய கித்தாரோடு, இரவு ரயிலில்.
கண்ணாடிக்கு அப்பால் இருந்தவர் கையை உயர்த்தினார்:
"தம்பி, இது பாட்டா, பழுதா?"
"ரெண்டும்தான் ஐயா."
திரும்பிவந்து எல்லாருக்கும் சொல்லிச் சிரித்தான்.
ஒரு மாதம் கித்தாரைத் தொடவில்லை.
பிறகு இந்த ஊரில் அந்தச் சொல்லுக்கு அர்த்தம் மாறியது.
மேடைக்குக் கீழே நின்று பெடியள் கத்துவார்கள்:
"லம்பேட் அண்ணை, பழுது! பழுது போடுங்கோ!"

கோட்டை மான் ஒன்று அவனுடைய பாட்டுக் கொப்பியைத் தின்றது.
ஆகவே எழுத்தில் ஒன்றும் இல்லை.

கடன் தீரும்வரை உன்னோடு இருக்கட்டும் என்று
அம்ப்ளிபயரை என்னிடம் ஈடு வைத்தான்.
எண்பத்தைந்தில் வீடுகள் எரிந்தன.
தெருத்தெருவாகச் சோதனை என்றார்கள்.
கடற்படையின் பேச்சு கேட்கும் பெட்டி
என் சாமான் அறையில்.
யாருக்கு விளங்கப்படுத்துவேன், அது ரொக் அண்ட் ரோல் என்று?
மீன்பிடிக்க விட்ட ஒரு பகலில்
வலைக்கு அடியில் மறைத்துக் கொண்டுபோய்
டச்பேக்கு வெளியே போட்டேன்.
மிதந்துவிடுமோ என்று பயந்தேன். மிதக்கவில்லை.

ஒவ்வொரு நத்தாருக்கும் கேட்பான்: "அது சுகமா?"
"சுகம்."
காசைப் பற்றி நான் கேட்பதை அன்றோடு விட்டுவிட்டேன்.
பெருந்தன்மை என்று நினைத்துக்கொண்டான்.

ஊரடங்கு இரவுகளில்
மின்சாரமில்லாத அந்தப் பலகையை மடியில் வைத்து
நகத்தால் சுரண்டிக்கொண்டிருப்பான்.
நுளம்பின் அளவு சத்தம்.
சுவருக்கு இப்பால் படுத்திருந்த எனக்கு
காது அடைக்கும்.

போன செவ்வாய் அடக்கம்.
மெல்பேர்ன் பிள்ளைகள் மலர்வளையத்துக்குக் காசு அனுப்பினார்கள்.
பாலையூற்றுப் பெடியள் நாலு பேர் வாசித்தார்கள்;
புது ஸ்பீக்கர், கிணற்றுத் தண்ணீர் போலத் தெளிவு.
திடீரென்று ஒருவன் காலால் எதையோ மிதித்தான்.
கரகரத்து, நடுங்கி, தொண்டை கிழிந்தது.
"என்னடா அது?"
"பழுதுப் பெட்டி ஐயா. பன்னிரண்டாயிரம் ரூபாய்."

கணக்குக் கொப்பியை விரித்து வைத்திருக்கிறேன்.
அவன் பெயர். தொகை. கோடு போட்டு வெட்டிவிடலாம்.
எதிர்ப்பக்கத்தில் என் பெயரை எழுதினால்
எவ்வளவு என்று போடுவது?
வெளியே கப்பல் ஒன்று ஊதுகிறது.
ஆழம் கேட்கிறதோ என்னவோ.