பூண்டு காயட்டும்

மூன்று மாதமாக அது பீரோவில் இருக்கிறது,
கல்யாணச் சேலைக்கும் பட்டா நகலுக்கும் நடுவில்.
திருப்பூரிலிருந்து மகன் வாங்கி வந்தது.
மேல்தாள்கூடப் பிரிக்கவில்லை.

"மாத்திடுவோமா?" என்பார் இவர்
தினமும், சாப்பிட்டுக் கை கழுவும்போது.
"பூண்டு காயட்டும்" என்பேன்.

பழசு என் இடுப்பில்.
முதுகு கழன்றுவிடாமல் ஒரு ரப்பர் வளையம்,
எழுத்தழிந்த பொத்தான்கள்.
ஐந்தில் மட்டும் சின்ன மேடு.
அங்கிருந்து கீழே, வலப்பக்கம், மேலே இரண்டு
என்று விரல் போகப் போக
மன்னவனூரில் தங்கச்சி எடுப்பாள்.
நம்பர் என்ன என்று கேட்டால் எனக்குத் தெரியாது.
ஒரு தடவை சார்ஜ் ஏற்றினால் ஐந்து நாள்.
கேரட் கழுவும் தொட்டியில் விழுந்து
அரிசிப் பானையில் ஒருநாள் படுத்து
எழுந்து வந்து மணியடித்தது.

இவர் கணக்கு வேறு.
வடுகபட்டி மண்டிக்காரர்
"படம் அனுப்புங்க, விலை சொல்றேன்" என்கிறாராம்.
மேலத்தெரு நாகமுத்து அனுப்பினானாம்,
கிலோவுக்கு இருபது கூடக் கிடைத்ததாம்.
"படத்துல பூண்டு மணக்குமா?" என்றேன்.
அவர் பேசவில்லை.
கேட்டது கேள்வியே இல்லை என்று
எனக்கும் தெரியும்.

உள்ளதைச் சொல்கிறேன்.
போன தையில், மூஞ்சிக்கல் கடையில்
"தொடுங்கம்மா" என்றான் பையன்.
தொட்டேன். ஒன்றும் ஆகவில்லை.
அழுத்தித் தொட்டேன். கண்ணாடிக்குள்
யாரோ ஒரு பெண் சிரித்தபடியே இருந்தாள்.
ரேஷன் கடைப் பெட்டியும் இப்படித்தான்,
பத்து விரலை மாற்றி மாற்றி வைத்தாலும்
நீ இல்லை என்று கத்தும்.
பூண்டும் மண்ணும் தின்ற விரலில்
ரேகை தங்குவதில்லை.
எத்தனை பெட்டிக்குத்தான் நான் இல்லாமல் போவது?

இதை இவரிடம் சொல்லவில்லை.
பூண்டு காயட்டும் என்றுதான் சொன்னேன்.

பிறகு அந்த ராத்திரி,
கீழ்ப்படிக் காட்டில் காட்டுமாடு.
மூச்சு, சுவருக்கு இந்தப் பக்கம் கேட்டது.
பழசின் தலையில் விளக்கு, ஒரே அழுத்து.
நான் முன்னால் போனேன்.
இவர் பின்னால், குல்லாவும் கம்பளியுமாக,
கையில் அது.
எப்போது பிரித்தார், எப்போது சார்ஜ் ஏற்றினார்
என்று கேட்க நேரமில்லை.
"இதுலயும் லைட் இருக்கு, இதுலயும் இருக்கு" என்று
மேலே தள்ளுகிறார், கீழே தள்ளுகிறார்.
மாட்டை விரட்டிய அதே மூச்சில்
இவரைத் திட்டத் திரும்பினேன்.
பளிச்சென்று ஒரு மின்னல்.

மாடு போய்விட்டது.
இரண்டு பாத்தி கேரட்டும் போனது.

அடுப்படியில் உட்கார்ந்து பார்த்தோம்.
மின்னல் படமாகியிருந்தது.
ஓரத்தில் மாட்டின் வெள்ளைக் கால் ஒன்று,
மற்றதெல்லாம் நான்.
முடி அவிழ்ந்து, கை ஓங்கி,
தொண்டை தெரிய வாய் திறந்து.
கல்யாணத்துக்கு ஒரு படம்,
ரேஷன் கார்டுக்கு ஒன்று, ஆதாருக்கு ஒன்று.
மூன்றிலும் வாய் மூடித்தான் இருக்கிறேன்.

"நான் இப்படியா இருப்பேன்?"
"நாப்பது வருசமா" என்றார்.
"அழிச்சிடவா?"
எப்படி அழிப்பதென்று அவருக்குத் தெரியாது.
"இருக்கட்டும்" என்றேன்.

சிம் இன்னும் பழசில்தான்.
டவர் வேண்டுமென்றால் இப்போதும்
வேலப்பர் கோயில் பக்கம் நடக்க வேண்டும்.
புதுசு உப்பு ஜாடியில் சாய்ந்து நிற்கிறது.
பால் காயும் நேரத்தில்
பணம் எண்ணுவதுபோல் விரலை நாக்கில் நனைத்துத் தொடுகிறேன்.
மூன்றாம் தடவையில் விழித்துக்கொள்கிறது.
அவள் கத்திக்கொண்டே இருக்கிறாள்.
கொஞ்ச நேரம் பார்ப்பேன்,
பால் பொங்கும்வரை.

இவர் கை கழுவுகிறார்.
"மாத்திடுவோமா?"

பூண்டு மண்டிக்குப் போய்ப் பத்து நாளாகிறது.
"உருளை முளைக்கட்டும்" என்கிறேன்.