எட்டாம் நாள் எண்ணிக்கை

தாராபுரத்தில் கரண்ட் போனால்
முதலில் கேட்பது காற்று.
பாலக்காட்டுக் கணவாய் வழி நுழைந்து
காத்தாடி இறக்கைகளைச் சுற்றிவிட்டு
எங்கள் சன்னல் கொக்கியை ஆட்டும்.
ஊருக்கெல்லாம் மின்சாரம் அரைக்கிற காற்று
முளைப்பறையை மட்டும் இருட்டில் விட்டுப் போகும்.

அப்படியொரு மூன்றாம் நாள் மாலை
தட்டு மாற்றிய நவநீதன்
நனைந்த காகிதச் சுருள் ஒன்றைத்
தலைகீழாய் நிறுத்திவிட்டான்.
யாரும் கவனிக்கவில்லை.
பயறு கவனித்தது.

இன்று விரிக்கிறேன்.
நானூறு பச்சைப்பயறில் ஐம்பது இந்தச் சுருளில்.
தண்ணீர் குடித்துப் பருத்து
தழும்போரம் தோலைக் கிழித்து
வெள்ளையாய் ஒரு வேர் நீட்டியிருக்கிறது, கீழ்நோக்கி.
பிறகு கீழ் மேலாகிவிட்டது.
விரற்கடை தூரம் போன வேர்
நின்று
வளைந்து
வந்த வழியிலேயே இறங்கியிருக்கிறது.
தண்டும் அப்படியே, எதிர்ப்பக்கம்.
வரிசை வரிசையாய்த் தூண்டில் முள்.

பருப்பு இரண்டும் வற்றிக் கிடக்கின்றன,
கட்டுச்சோறு தீர்ந்த தூக்குப்போசி மாதிரி.
அந்தச் சோற்றில் எவ்வளவு
திரும்புவதற்கே செலவானதோ.

வேர் முறுகியிருந்தால்
இயல்பற்றது என்று எழுதலாம்.
பேனாவைத் திறந்தேன்.
முறுக்கியவன் ஸ்டூலில் உட்கார்ந்து
பொரி தின்றுகொண்டிருக்கிறான்.
இயல்பானவை: நாற்பத்தொன்பது.

மாதிரிகளுக்கு எங்களிடம் பெயர் கிடையாது, எண் மட்டும்.
ஆனாலும் மூலனூர்ப் பக்கமிருந்து தெய்வாத்தாள் என்றொருவர்
நாள் தவறாமல் போன் செய்கிறார்.
"ஏனுங், எம்பட பயறு எந்திரிச்சிருச்சுங்களா?"
எது உங்களுடையதென்று தெரியாதுங்க.
"பச்சையா இருக்குமுங்க."

ஐம்பதாவது,
எட்டு நாள் ஈரத்தில் கிடந்தும்
ஒரு சொட்டு உள்ளே விடாதது.
பளபளப்புக்கூட மங்கவில்லை.
அழுத்திப் பார்த்தேன்; நகம்தான் வலித்தது.
செத்திருந்தால் நசுங்கியிருக்கும்.
படிவத்தில் இதற்கும் ஒரு கட்டம் உண்டு:
கடின விதை. உயிர்க் கணக்கில்தான் சேரும்.
தோலைச் சித்தெ கீறிவிட்டால்
நாளைக்கே வாய் திறக்கும்.
பிளேடு மேசையில்தான் இருக்கிறது.
அதற்கு அவசரமில்லை, எனக்கென்ன.
ஒன்று என்று எழுதினேன்.

கரண்ட் வந்துவிட்டது.
அடுத்த தட்டைத் தூக்கிய நவநீதன்
ஒவ்வொரு சுருளுக்கும் நின்று கேட்கிறான்:
"எது மேலேங்க்கா?"
பென்சிலால் அம்புக்குறி போட்டுக் கொடுக்கிறேன்.
பயறுக்கு அல்ல.