எண்ணூற்றுப் பத்து

எதற்காக அதை எடை போட்டீர்கள்,
அரசு வழக்கறிஞர் கேட்கிறார். அவருக்குச் சளி.
நல்ல கேள்விதான்.
பக்கத்து வீட்டுக் குழந்தைக்குக் கொடுக்கலாமென்று
லிவாவுக்குச் சின்னதாகிப்போன சறுக்குக் காலணியை
நிலவறையில் தேடினேன்.
பெட்டிக்குள் ராணுவக் காலுறை,
காலுறைக்குள் அது.
மேலே கொண்டுவந்த பிறகு
கைகளுக்கு வேலை தெரியவில்லை.
எதிரே தராசு, ரை மாவு நிறுக்கிற தராசு.
சமையலறையில் ஒரு பொருள் கைக்கு வந்தால்
நிறுத்துவிடுவேன், அவ்வளவுதான்.

எண்ணூற்றுப் பத்து கிராம்.
போலீஸுக்குப் பேசியபோது அதையும் சொல்லியிருக்கிறேன்.
அந்தப் பதிவை இப்போது ஓட்டிக் காட்டுகிறார்கள்.
கடையில் பாலாடைக்கட்டி கேட்கிறவளின் குரல்.

மனைவி சாட்சி சொல்லக் கட்டாயமில்லை என்றார் நீதிபதி.
சொல்வதானால் உண்மை, பொய்யென்றால் தண்டனை:
மருந்துச் சீட்டு வாசிப்பதுபோல வாசித்தார்.
சொல்கிறேன் என்றேன்.
தொர்கில் மேசையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

ஹெல்மண்டிலிருந்து அவன் வந்து ஆறாவது குளிர்காலம்.
ஒரு சோதனைச்சாவடியில் பரிசாகக் கிடைத்தது,
மூட்டையோடு மூட்டையாக வந்துவிட்டது,
மறந்துபோனேன் என்கிறான்.
கொடுத்தவன் பெயரைக் கேட்டால்
தண்ணீர் குடிக்கிறான்.
மறந்துபோனவன்
இரவு மூன்று மணிக்குக்
கொதிகலனைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று
கீழே இறங்குவான்.
எங்கள் கொதிகலன் ஒருநாளும் பழுதானதில்லை.
திரும்பி வந்து படுப்பான், விரல்களில் எண்ணெய் வாசம்.
பிறகு நன்றாகத் தூங்குவான்.
விழித்திருந்தவள் நான்.
இதை யாரும் கேட்கவில்லை.

சான்றுப்பொருள் நான்கு:
கைத்துப்பாக்கி ஒன்று, ரஷ்யத் தயாரிப்பு,
எழுநூற்று முப்பது கிராம்.
தோட்டாக்கள் இல்லை.
மீதி எண்பது கிராம் எங்கே போயிற்று, திருமதி?

பழைய தராசு என்றேன்.
மகள் அதன்மேல் ஏறி நிற்பாள்,
பூனையைப் பிடித்து உட்காரவைப்பாள்.
அவர் மூக்கைத் துடைத்துக்கொண்டு எழுதினார்.
தொர்கில் அப்போதுதான் தலை நிமிர்ந்தான்.
அந்தத் தராசு
ஒரு சிட்டிகை உப்பில்கூடப் பொய் சொல்லாது.
வாங்கி வந்தவன் அவன்தானே.

ஆறு மாதம். நிறுத்திவைத்தார்கள்.
தோட்டா இருந்திருந்தால் கணக்கே வேறு என்று
எங்கள் வக்கீல் படியிறங்கியபடி சொன்னார்.
ஹோல்ஸ்டெப்ரோவிலிருந்து வீடுவரை
உருளைக்கிழங்கு லாரி ஒன்றின் பின்னால் ஊர்ந்தோம்.
மழை. கண்ணாடித் துடைப்பான்.
அவன் ஒன்றும் கேட்கவில்லை.
கேட்பான் என்று வளைவுக்கு வளைவு காத்திருந்தேன்.

அன்று அவர்கள் வந்துசேர இருபது நிமிடம் ஆனது.
பிடிக்கு அடியில் ஒரு கொக்கி,
அழுத்தினால் உருவிக்கொண்டு வருகிறது;
யாரும் சொல்லித் தரவில்லை, கை கண்டுபிடித்தது.
கட்டைவிரலால் ஒவ்வொன்றாகத் தள்ளினேன்
பட்டாணி உரிப்பதுபோல.
அழைத்தவளும் நான், ஒளித்தவளும் நான்.
இதற்கு என்னிடம் வாக்குமூலம் இல்லை.

மூன்று மணி.
தொர்கில் வாய் திறந்து உறங்குகிறான்.
பூனை மட்டும் என்னோடு சமையலறைவரை வருகிறது.
மேல்தட்டில் மாவு ஜாடி.
விளக்குப் போடாமல் கையை விட்டு எண்ணுகிறேன்,
ஏழு,
இன்னும் கொஞ்சம் ஆழத்தில்
எட்டு.
முழங்கைவரை வெள்ளை.

ரொட்டி இப்போதெல்லாம் கடையில் வாங்குகிறோம்.
லிவாவுக்கு அது பிடிக்கவில்லை.