ஞாயிற்றுக்கிழமைச் சுற்று

ஆறு நாளும் என் ஓட்டோ பாடும்.
ஒரே பாட்டு.
பாண், பணிஸ் என்று நான் கத்தத் தேவையில்லை,
ஒட்டுசுட்டான் நாய்களுக்கும் அது பாடம்.
ஏழாம் நாள்
வாய் திறக்காத ஒரு வண்டியில் ஏறுகிறேன்.

பரந்தன் சந்தியில் இருபத்தெட்டாயிரத்துக்கு வாங்கியது.
யப்பானில் எவனோ மலையேறிய சைக்கிள்.
சட்டத்தில் எனக்கு வாசிக்கத் தெரியாத எழுத்தில்
அவன் பெயராக இருக்கலாம்.
கியர் பதினெட்டு; ஒழுங்காய் விழுவது ஏழு.
“உனக்கென்ன விசரே, ஓட றோட்டு இல்லையே?”
என்பாள் சுகிர்தமலர், போத்தலில் தண்ணீர் நிரப்பிக்கொண்டே,
பிறகு இரண்டாவது போத்தலையும்.

ஆடி. சோளகம் முகத்தில் அறைகிறது.
குளம் பின்வாங்கிப் போன அலைகரையில்
சேறு வெடித்து ஓடு ஓடாய்க் கிடக்கிறது,
சில்லு ஏற ஏற
பப்படம் நொறுங்கும் சத்தம்.
அதற்கப்பால் காடு, காட்டுக்குள் மணல்.

மணலில் கைபிடியை இறுக்கக்கூடாது.
பின்னால் சாய்ந்து
முன்சில்லை அதன் போக்கில் விடவேண்டும்.
நாலு தடவை விழுந்ததில் முழங்கை கண்டுபிடித்தது இது.

வழியோரம் வெள்ளைக் குற்றிகள்.
வெடி கிளறி முடித்து ஆறு வருசம் என்கிறார்கள்.
என்றாலும்
மூத்திரம் பெய்யக்கூட நான் தடத்தை விட்டு இறங்குவதில்லை.

பாலை என்றால்
நீரற்ற நிலம் என்று எழுதி
பள்ளிக்கூடத்தில் ஐந்து புள்ளி வாங்கியிருக்கிறேன்.
இங்கே பாலை நிழல் விரித்து நிற்கிறது.
கரடி மிச்சம் விட்ட மஞ்சள் பழம் நாலைப் பொறுக்கித் தின்றேன்,
உதடு பிசினாய் ஒட்டிக்கொண்டது.
அந்தப் புள்ளியைத் திருப்பிக் கொடுக்கத்தான் வேண்டும்.

விடத்தல் முள் ஒன்று பின்சில்லில்.
சைக்கிளைத் தலைகீழாய் வைத்து
ரியூப்பை இழுத்து, எச்சில் தடவி
ஓட்டை மூச்சுவிடும் இடம் தேடி
ஒட்டுப்போட்டு எழும்பியபோது
கவர் வழியில் எது இடம், எது வலம்
என்பது கொஞ்சம் கலங்கியிருந்தது.

பிறகு, அரை மணித்தியாலம் போக,
மணலில் ஒரு சில்லுத் தடம்!
எனக்கு முன்னால் எவனோ.
என்னைப் போல இன்னொரு விசரன் இந்த வன்னியில்.
உற்சாகத்தில் மிதித்தேன்.
எந்த ஊர், எத்தனை கியர், கல்யாணம் கட்டினவனா
என்றெல்லாம் கேட்டபடி மிதித்தேன்.
அவனும் என்னைப் போலவே
வேரைக் கண்டு வலப்பக்கம் ஒதுங்கியிருந்தான்,
என்னைப் போலவே ஓரிடத்தில் விழுந்திருந்தான்.
தடத்தில் பாகத்துக்கு ஒரு பல் இல்லை.
இறங்கி என் பின்சில்லைச் சுற்றிப் பார்த்தேன்.
அங்கேயும் இல்லை.

அதுகூடப் பரவாயில்லை.
பத்தடி தள்ளி
என் தடத்தின் மேல் ஒரு சுவடு.
சுளகளவு. உள்ளே கிழவியின் உள்ளங்கை போல ரேகை.
விளிம்பைக் காற்று இன்னும் அள்ளவில்லை.
பக்கத்தில்
ஈ வந்து சேராத லத்தி.

நான் போன பின், நான் வர முன்,
இந்த மணலுக்கு வேறொரு சொந்தக்காரன்.

சைக்கிளில் மணி இல்லை.
ஓட இடமில்லை: இந்தப் பக்கம் குற்றி, அந்தப் பக்கம் குற்றி.
வாய் தன்பாட்டில் தொடங்கியது,
ஆறு நாளும் நான் வெறுக்கிற அந்தப் பாட்டை,
சொல் இல்லாமல், உச்சத்தில்,
பிழையான சுருதியில்.

உள்ளே எங்கேயோ
முறிந்துகொண்டிருந்த கொப்பு ஒன்று
முறிவதை நிறுத்தியது.

பாடிக்கொண்டே உருட்டினேன்.
பாடிக்கொண்டே ஏறினேன்.
அலைகரைக்கு வந்து தண்ணீர் குடிக்கும்போதுதான்
பாட்டு நின்றது.
போன் கணக்கில் நாற்பத்தொரு கிலோமீற்றர்.
கீறிக் காட்டிய சுற்று வட்டமாயில்லை,
அடுப்பில் கருகி நெளிந்த பணிஸ்.

“என்ன கண்டனி?”
“மணல்,” என்றேன்.

திங்கள் விடிய ஓட்டோவை முறுக்கினேன். பாட்டு எழும்பியது.
முதல் வீட்டுப் படலை திறக்க முன்
அதை நிறுத்தி
ஒரு கணம் காது கொடுத்தேன்.