மாதிரி எண் 6312

ராயக்கோட்டை ரோட்டில் தஸ்தகீர் பாயின் பழைய இரும்புக் கடை.
சைக்கிள் செயினுக்கும் குக்கர் மூடிக்கும் நடுவில்
மஞ்சள் படிந்த ஒரு பெட்டி, இரண்டு கைப்பிடி,
ஒரே ஒரு கேசட்.
ஓடுமா என்றேன்.
"ஓடுனா முந்நூறு. ஓடலன்னா நூத்தம்பது.
எதுன்னு நீயே பாத்துட்டு வந்து சொல்லும்மா."
நூற்றைம்பது கொடுத்துவிட்டு வந்தேன்.

அக்டோபர். மாம்பழம் இல்லாத மாதம்.
காவேரிப்பட்டணம் ஃபேக்டரியில் பாய்லர் குளிர்ந்து கிடக்க
லேபில் நானும் சர்க்கரை பார்க்கும் கருவியும்
ஒருவரை ஒருவர் சும்மா பார்த்துக்கொண்டிருக்கிறோம்.

அறையில் வீட்டுக்காரர் விட்டுப்போன குண்டு டிவி.
சேனல் குமிழைத் திருகத் திருகப்
பொரி கொட்டுவது போல் வெள்ளை இரைச்சல்,
ஜன்னலில் சையத் பாஷா மலை,
மறுபடி இரைச்சல்,
பிறகு, எங்கோ ஒரு மயிரிழையில்,
நீலம்.
மொத்தமே ஐம்பது சொச்சம் நிறம் வைத்திருந்தவன்
யோசித்து எடுத்து வைத்த நீலம்.

நீலம்தான் வந்தது, விளையாட்டு வரவில்லை.
டோல்கேட்டில் இரவு ஷிப்ட் முடித்து வந்த சௌடேஸ்வரி
செருப்பைக்கூடக் கழற்றாமல், "ஊது" என்றாள்.
எச்சில் பட்டால் களிம்பேறும் என்று
லேப் ஸ்பிரிட்டில் பஞ்சை நனைத்துத் துடைத்தேன்.
கறுப்பாக வந்தது, யார் யாருடைய மூச்சோ.

ஸ்டிக்கரில் 9999 விளையாட்டு என்று போட்டிருந்தது.
பொய் என்று பன்னிரண்டுக்குள் தெரிந்துவிட்டது.
அதே டாங்கி, அதே செங்கல்,
அதே நரிக்குட்டி வேறு சட்டையில்.
சௌடேஸ்வரிக்கு அதைப் பற்றிக் கவலையில்லை.
நரி காசு பொறுக்கும்போதெல்லாம் டிங் என்கிறது.
எட்டு மணி நேரம் சில்லறை எண்ணிய கை
இங்கே ஒரு ரூபாயும் திருப்பித் தர வேண்டாம்.
"பாக்கி இல்ல, போ" என்று
லாரிக்காரனிடம் சொல்வது போலவே திரையிடம் சொன்னாள்.
பள்ளம் வந்தால் கட்டிலோடு எம்பினாள்.
கைப்பிடியைத் தூக்கினால் நரி கூடுதலாய்த் தாவும் என்று
உடம்புக்கு யார் சொன்னது?

எனக்கு அப்படி ஆட வராது.
நான் நூறு டின்னுக்கு ஒரு டின் உடைப்பவள்.
பழைய பேட்ச் ரிஜிஸ்டரில் ஒரு பக்கம் பிரித்தேன்.
12, 112, 212.
டாங்கி. டாங்கி. நரி. பறவை சுடுவது.
நரி, உயிர் ஒன்று குறைவு.
ஒன்பது இரவு ஆயிற்று. பாதிகூடத் தாண்டவில்லை,
ஆனால் கணக்கு புரிந்துவிட்டது: மொத்தம் பதினாறுதான்.
மீதியெல்லாம் பதினாறையே
நடுவிலிருந்து தொடங்கி வைத்தது.

6312-இல் நரி தரையில் நிற்கவில்லை.
தரைக்குள் விழுந்து, புள்ளிக்கணக்குக்கும் கீழே,
கிழிந்த சதுரங்களுக்கிடையே எழுந்து நடந்தது.
பாதி மேகம். பாதி புல். தலைகீழாய் ஒரு நாலு.
எதிரி ஒருவரும் இல்லை.
அவர்களுக்கு இங்கே வர வழி தெரியாது போலிருக்கிறது.
இசை இரண்டே சுரத்தில் மாட்டிக்கொண்டது.
நேரம் குறையவில்லை.
செய்தவனுக்கே இது தெரிந்திருக்காது.
எண்ணிக்கையைக் கூட்டச் சொல்லி யாரோ விரட்டியிருப்பார்கள்,
தூக்கத்தில் ஓர் எண்ணைத் தப்பாய்த் தட்டியிருப்பான்.
அந்தத் தப்புக்குள் நாங்கள் விடியும்வரை நடந்தோம்
வலப்பக்கம், இன்னும் வலப்பக்கம்,
வெளியே பெங்களூர் லாரிகள் கியர் மாற்றிக்கொண்டிருக்க.

ரிஜிஸ்டரில் அந்தக் கட்டத்தில்
'நிராகரிப்பு' என்று எழுத வேண்டும்.
பேனாவை மூடி வைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை கடையில் நூற்றைம்பதை நீட்டினேன்.
"ஓடுதா?"
"ஓடுது பாய். ஒண்ணு மட்டும் நடக்குது."
அவர் காசை எண்ணவில்லை.
சாக்குமூட்டைக்குள் தோள்வரை கையை விட்டு,
"இன்னொரு கேசட் இருந்துச்சே,
எங்க போச்சு" என்று
துழாவிக்கொண்டிருந்தார்.