பின்பக்கம்

ஆவணி வெயிலோடு கடைக்குள் வந்து
மஞ்சப்பையைக் கவிழ்த்தார் வீரகனூர் செங்கோடன்.
கல்லாமேசையில் விழுந்தன
நாலு காலிப் பாக்கெட், ஒரு கைப்பிடி மண்,
மண்ணுக்குள் கண் திறக்காத பருத்தி விதைகள்.
"நூத்துக்கு முப்பதுதான் முளைச்சுது தாயி.
மிச்சம் எந்திரிக்கவே இல்ல."

முதலாளி அவர் முகத்தைப் பார்க்கவில்லை.
"வேற கம்பெனி தர்றேன்" என்றார்.
ரேக்கிலிருந்து ஐந்து எடுத்து வைத்தேன்:
புலி போட்டது, தேர் போட்டது,
நடிகைச் சாயலில் ஒருத்தி
பஞ்சை அணைத்துச் சிரிப்பது, இன்னும் இரண்டு.

செங்கோடன் ஒவ்வொன்றாகத் திருப்பினார்.
எழுத்துக்கூட்டித்தான் படிப்பார். நேரமானது.
அஞ்சு முதுகிலும்
ஒரே ஊர், ஒரே தெரு, ஒரே கதவு எண்.
முளைக்காததன் முதுகிலும் அதே.

"அஞ்சு வேசத்துல ஒருத்தனா?" என்றார்.

அதிலிருந்த எண்ணுக்கு அடித்தோம்.
தமிழுக்கு ஒன்றை அழுத்தச் சொன்ன குரல்
அழுத்தியதும்
இந்தியில் நன்றி சொல்லி வைத்துவிட்டது.

முதலாளியைத் திட்ட எனக்கு வாய் வராது.
நூறு மூட்டை யூரியா கேட்டால்
கேட்காத இருபது பெட்டி நுண்ணூட்டமும் இறங்கும்.
வேண்டாமென்றால் அடுத்த லோடு
நம் ஆத்தூரில் நிற்காமலே போய்விடும்.
அந்தப் பெட்டிகளை அவர்
செங்கோடன் தலையில் கட்டுவார்.
செங்கோடன் யார் தலையில் கட்டுவார்?

எனக்கு இந்தப் பாக்கெட்டை
உள்ளிருந்து தெரியும்.
கெங்கவல்லிப் பக்கம்,
ஒன்பதாவது அரைப்பரீட்சை எழுதாத வருசம்.
சாயங்காலம் மொட்டைப் பிரித்து
ஆண்தாளைக் கட்டைவிரல் நகத்தால் கிள்ளி
சிவப்புக் காகிதக் குல்லாய் போட்டுவிட்டு
விடிந்ததும் அடுத்த பாத்திப் பூவைக் கொண்டுவந்து
முகத்தோடு முகம் தேய்க்க வேண்டும்.
நாளைக்கு ஆயிரம் பூ.
மருந்தடித்த மறுநாளும் ஆயிரம் பூ.
"சின்னக் கை, பூ நோகாது" என்பார் ஏஜென்ட்.
கை நோகுமா என்று
பூவும் கேட்கவில்லை.

ஜீப் வருகிறது என்றால் கரும்புக்குள் ஓடுவோம்.
போனதும் தலை எண்ணுவார்கள்.
ஒருநாள் ஒன்று குறைந்தது:
சத்தியகலா சோகையின் மேல் சுருண்டு
வாந்தி எடுத்துக்கொண்டிருந்தாள்.
அந்த வயலில் எந்தக் கம்பெனியின் பலகையும் இல்லை.
இப்போதும் என் வலது கட்டைவிரல் நகம்
வளைந்துதான் வளர்கிறது.

"பில்லுல லாட் நம்பர் போடாதே."
வேலைக்குச் சேர்ந்த அன்று
முதலாளி சொன்ன முதல் பாடம்.
அது இல்லாத பில்லைத் தூக்கிக்கொண்டு
சேலம் நுகர்வோர் கோர்ட்டுக்குப் போனால்
பஸ் காசுதான் நட்டம்.

முதலாளி டீக்குக் கிளம்பினார்.
வழக்கத்தைவிட மெதுவாகச்
செருப்பு மாட்டினார்.

காலிப் பாக்கெட்டின் ஓரத்தில், ஒட்டுக்குக் கீழே
அழிந்தும் அழியாமலும் பதினோரு எழுத்து.
ஆடி மாசத்து பில்லை வாங்கி
ஒவ்வொன்றாக எழுதினேன்.
கடை முத்திரை குத்தினேன்.

செங்கோடன் அதைப் படிக்கவில்லை.
பழக்கத்தில் திருப்பிப் பார்த்தார்.
வெள்ளையாக இருந்தது.
"இதுக்கு யாரு விலாசம் தாயி?"

பேனாவை மறுபடி திறந்தேன்.
த. ஜெயக்கொடி,
4/27, வடக்குக் காட்டுக்கொட்டாய்,
நரசிங்கபுரம்.