ஆறு மாதம் சும்மா இருந்தமைக்கான அத்தாட்சி

பட்டினமும் சூழலும் பிரதேச செயலகத்தின்
அறிவித்தல் பலகையில் மூன்று மொழியிலும் ஒட்டியிருந்தார்கள்.
தமிழ்த் தாளின் ஓரத்தை மழை நக்கியிருந்தது.
வயது பதினெட்டுக்கு மேல் என்று தெரிந்தது.
எத்தனைக்குக் கீழ் என்பது கரைந்துபோயிருந்தது.
சிங்களத் தாளைப் பார்த்துச் சுமணாவதி சொன்னாள்:
ஐம்பது.
எனக்கு ஐம்பதுக்கு இன்னும் பதினொரு கிழமை.

வடிகான் துப்புரவு, மூன்று மாதம், நாட்கூலி.
இப்பிரிவுக்குள் நிரந்தர வதிவிடம் வேண்டும்.
கடந்த ஆறு மாதத்தில்
எவ்விதத் தொழிலும் புரிந்திருத்தலாகாது.
ஒரு குடும்பத்திலிருந்து ஒருவர் மாத்திரம்.

செய்த வேலைக்குக் கடிதம் கேட்டால் முதலாளி தருவான்.
செய்யாத வேலைக்கு யாரிடம் போய்க் கேட்பது?
பாலையூற்றுக் கிராம சேவகர் பேனையைத் திறந்தார்.
"என்ன செய்தனீங்கள் இந்த ஆறு மாதமும்?"
"ஒண்டுமில்லை, ஐயா."

ஒன்றுமில்லை என்றால்
விடிய மூன்றரைக்கு எழும்பி எழுபது இடியப்பம்.
நிலாவெளி ஹோட்டல் படுக்கை விரிப்புகள், எல்லாம் வெள்ளை,
தோய்த்து மடித்தால் எண்ணிக் காசு,
அதுவும் வெள்ளைக்காரர் வரும் மாதங்களில் மட்டும்.
ஜெசிந்தா ரீச்சரின் பிள்ளையைப்
பள்ளிக்கூடத்தால் கூட்டி வருவது.
அதற்குக் காசில்லை, சிலவேளை ஒரு பால்மாப் பைக்கற்.
இதையெல்லாம் தொழில் என்று
இன்றுவரை எவரும் சொன்னதில்லை.
அந்த மேசைக்கு முன்னால்தான் முதன்முதல் பயந்தேன்,
சொல்லிவிடுவார்களோ என்று.

அவர் எழுதினார்:
மேற்படி மெற்றில்டா யோகராசா
எவ்விதத் தொழிலும் அற்றவர் என்பதை
நான் தனிப்பட்ட முறையில் அறிவேன்.
அறிவார்தான்.
நாளுக்குப் பத்து இடியப்பம், சம்பலோடு,
என் கடன் கொப்பியில் இரண்டாம் பக்கம்.

வரிசை மதிலோரம் வளைந்து வெயிலுக்குள் போனது.
எனக்கு முன்னால் ஏழாவதாக நின்ற முதுகு
எனக்குத் தெரிந்த முதுகு.
சேட்டின் தோள்மூட்டில் நான் போட்ட தையல், வேறு நிற நூல்.
டெறிக். வயது பத்தொன்பது.
காலையில்தான் கணனி வகுப்புக்கென்று
பஸ் காசு வாங்கிக்கொண்டு போனான்.

திரும்பினான்.
இரண்டு பேரின் கையிலும் ஒரே பழுப்பு உறை.
"நீங்கள் சொல்லேல்லையே, அம்மா."
"நீயும்தான்."
வரிசையை விட்டு என்னருகில் வந்து
தாழ்ந்த குரலில் வழக்காடத் தொடங்கினான்.
சேறு, என் முழங்கால், தன் வயது,
யாருக்குத் தகுதி கூட என்பது பற்றி.
கை தொங்கிக்கொண்டிருந்தது, கையில் உறை.

இந்த ஊரில் மான்கள் மாடுகள் மாதிரி.
கோட்டைக்குள் படுக்கும், குப்பைவாளிக்கு வரும்,
கடதாசி என்றால் உயிர்.
ஒன்று மதிலால் சுற்றி வந்ததை நான் கண்டேன்.
மூக்கை நீட்டியதையும் கண்டேன்.
ஓய் என்று ஒரு சொல் போதும்.
என் வாயில் அது இருந்தது. விடவில்லை.

வரிசை முழுக்கச் சிரிப்பு.
சுமணாவதி சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்தாள்.
வதிவிடச் சான்று, பிறப்புச் சான்று,
சமாதான நீதவானின் ஒப்பம்,
எல்லாவற்றையும் அது ஒரே ருசியில் மென்றது.
டெறிக் மானைப் பார்க்கவில்லை.
என்னைத்தான் பார்த்தான்.

யன்னலுக்குப் பின்னால் இருந்த பிள்ளை, பெயர் ஃபர்ஸானா,
என் தாள்களை இரண்டு தரம் புரட்டினாள்.
"இந்த மூன்று மாதமும் செய்தால்
அடுத்த முறை விண்ணப்பிக்க
ஆறு மாதம் வேலையில்லாமல் இருக்க வேணும், அன்ரி. விளங்கிச்சா?"
"இருப்பன்," என்றேன். "எனக்குப் பழக்கம்."

திரும்பும் வழியில் அரிசிமா மூன்று கிலோ.
டெறிக் ஒன்றும் பேசாமல்
பையை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டான்.